வாடகை பாக்கி இருக்கும்போது எந்தப் புத்தகம்?

வேலை போன காலத்திலும், மறுபடி வேலை கிடைத்து சம்பளம் முழுக்க வட்டிக்கே போன காலத்திலும் நான் படித்த ஆன்மிக, சுயமுன்னேற்றப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். ஊர் கோயம்புத்தூர். பாதி உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை, மீதி நூலகத்திலும் நண்பர்களிடமும் இரவல். படித்து முடித்த சூட்டில் எதுவும் நல்ல புத்தகமாகத்தான் தெரியும். வருடங்கள் கழித்து எது கூட நிற்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

ஈர்ப்பு விதியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கஷ்டத்தில் இருப்பவர் கையில் யாராவது கொண்டுவந்து முதலில் திணிப்பது அதைத்தான். நினைப்பதே நடக்கும், பணத்தை நினைத்தால் பணம் வரும் என்ற ரகம். படிக்கிற வாரத்தில் நன்றாகவே இருக்கும், தூக்கம்கூட வரும். ஆனால் அந்த விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நினைத்தால் வரும் என்றால், வராததற்கும் என் நினைப்புதான் காரணம். ஆர்டர் இல்லாமல் பட்டறையை மூடியது முதலாளி, குற்றவாளி நான்! வாடகை பாக்கியோடு இந்தப் பழியையும் தூக்கிக்கொண்டு அலைய எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்கு எழச் சொல்லும் புத்தகங்கள் அவ்வளவு மோசமில்லை. தனி அறை உள்ளவருக்கு உதவலாம். நைட் ஷிஃப்ட் முடித்து ஆறு மணிக்கு வீடு வருகிறவன் எந்த ஐந்து மணிக்கு எழுவது? எங்கள் லைன் வீட்டில் தண்ணீர் வருவதும் அந்த நேரத்தில்தான். குடத்தோடு வரிசையில் நிற்பதைத் தியானக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

தடித்த புத்தகங்கள் அப்போது மண்டையில் ஏறவே இல்லை. ஒரே பக்கத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டிருப்பேன். இதற்கு ஒரு விளக்கம் பின்னால் கிடைத்தது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் புதிர் போடவைத்துச் சோதித்த ஆய்வு அது, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன் கையில் காசு இருக்காது, பொருள்கள் அடகில் இருக்கும். அப்போது புதிர்களில் தடுமாறிய அதே ஆட்கள், கரும்புப் பணம் வந்தபின் நன்றாகப் போட்டார்கள். சோம்பேறித்தனமும் இல்லை, மக்குத்தனமும் இல்லை. கவலை மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது. அதனால் பணமுடையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: சின்னப் புத்தகமாக எடுங்கள். ஒரு பக்கம் படித்து மூடினாலும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

அப்படிச் சின்னதில் எனக்கு நிலைத்தது ரமணரின் ‘நான் யார்?’. பஸ்ஸில் படித்துவிடலாம், விலையும் சொற்பம். ரயிலில் ஏறியபிறகும் மூட்டையை ஏன் தலையில் சுமக்கிறாய் என்று அதில் ஓர் இடம் வரும். மனக்கவலைக்கு அது உண்மையிலேயே வேலை செய்தது. இரவில் அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மாதத் தவணைக்கு வேலை செய்யாது, அந்த மூட்டையை எந்த ரயிலும் இறக்கிக்கொள்வதில்லை. சும்மா ஒரு தகவல்: 1902 வாக்கில் ரமணரிடம் கேள்விகள் கேட்டு, அந்தப் பதில்கள் இந்தப் புத்தகமாக வரக் காரணமான சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். ‘நான் யார்’ என்று கேட்கப் போன நாளில் அவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வரிசையைக் கவனியுங்கள் என்கிறேன்.

அந்த வரிசையைப் பழைய ஆட்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். புத்தரின் உபதேசப் பாட்டுகளின் தொகுப்பான தம்மபதத்தின் 203ஆம் பாட்டு பசியைப் பெரிய நோய் என்கிறது. அதற்கு உரையில் சொல்லப்படும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆளவி என்ற ஊரில் கூட்டம் புத்தரின் பேச்சுக்காகக் காத்திருக்கிறது. ஓர் ஏழை உழவன், தொலைந்த மாட்டைத் தேடிவிட்டு வெறும் வயிற்றோடு ஓடி வருகிறான். முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள் என்கிறார் புத்தர். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உபதேசம். வள்ளலாரும் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். ஞானசபை வந்தது அதற்கு அப்புறம்தான்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் திரும்பிப் போனது திருக்குறளுக்கு, அதிலும் 105ஆம் அதிகாரமான நல்குரவுக்கு. பத்துக் குறளிலும் ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாது. வறுமையைப் போலக் கொடியது வறுமைதான் என்று தொடங்குகிறது. நேற்று வந்து கொன்றது போதாதென்று இன்றும் வருமோ என்று ஒருவன் கேட்கிறான். நெருப்புக்குள்கூடத் தூங்கலாம், வறுமைக்குள் கண்மூட முடியாது என்கிறது இன்னொன்று. முதல் தடவை படித்தபோது, நம் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாரா என்று தோன்றியது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று யாரும் முதுகில் தட்டாததே பெரிய நிம்மதி. வழி சொல்லும் குறளும் உண்டு, 478: வரவு சிறியதானாலும் கெடுதல் இல்லை, செலவு வாய் அகலாமல் இருந்தால் போதும். பணம் பற்றிய தடித்த புத்தகங்கள் பல, சுற்றி வளைத்து இதைத்தான் சொல்கின்றன. ஒன்றைச் சொல்ல வேண்டும், மருத்துவச் செலவு வந்த மாதத்தில் இந்தக் குறளும் கைவிட்டது.

இப்போது கடையில் ஒரு புத்தகத்தை எடுத்தால் முன்னுரையைப் பார்ப்பதில்லை. பணம் இல்லாதவனைப் பற்றி எங்கே பேசுகிறதோ அந்தப் பக்கத்துக்கு நேராகப் போகிறேன். அவனைத் திட்டினாலும், அவனைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டாலும் கீழே வைத்துவிடுகிறேன். அப்புறம் கடைசிப் பக்கம். முழுப் பலன் வேண்டுமென்றால் எங்கள் இரண்டு நாள் பயிற்சிக்கு வாருங்கள் என்று அங்கே தொலைபேசி எண் இருந்தால், அது புத்தகமே இல்லை, நோட்டீஸ்.

விலைக்கு வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. சொத்து வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. வீட்டு உரிமையாளர் கட்டும் வரி நம் வாடகையிலிருந்துதான் வருகிறது, எனவே நூலகத்தில் கூச்சப்படாமல் உட்காரலாம். திருக்குறளும் இன்னும் பல பழைய நூல்களும் மதுரைத் திட்டம் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

நான் தேடி இன்னும் கையில் கிடைக்காதது ஒன்று உண்டு. அடகு நகை ஏலத்துக்குப் போகும்முன் என்ன செய்யலாம், வட்டிக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி எங்கே, எப்படிப் புகார் எழுதுவது, இதையெல்லாம் பத்தாம் வகுப்பு படித்தவருக்குப் புரிகிற தமிழில் சொல்லும் சின்னப் புத்தகம். யாராவது பார்த்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். என் அலமாரியில் தன்னம்பிக்கை நூல்கள் நான்கைந்து சும்மா கிடக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம்.