விளை விற்க நாலு புரோக்கரா, ஒரே ஒப்பந்தமா?

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் அப்பாவின் பங்காக எங்களுக்கு ஒரு விளை, அதாவது தோப்பு நிலம், இருந்தது. நிறையத் தென்னை, ஓரத்தில் இரண்டு அயனி மரம், பின்னால் தூர்ந்துபோன ஒரு கிணறு. அப்பா போனபிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை. அக்கா திருவனந்தபுரத்தில், தம்பி கத்தாரில், நான் நாகர்கோவிலில். விற்றுவிடலாம் என்று மூவரும் முடிவெடுத்தபோது மூன்று வழிகள் இருந்தன. தெரிந்த புரோக்கர்கள் எல்லாரிடமும் வாயால் சொல்லி வைப்பது ஒன்று. ஒருவரை மட்டும் வைத்துக் காலக்கெடுவோடு ஒப்பந்தம் எழுதுவது இன்னொன்று. பவர், அதாவது நமக்குப் பதிலாக விற்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது மூன்றாவது.

முதல் வழியில் ஒன்றரை வருடம் ஓடியது, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வழியில் ஏழு மாதத்தில் பத்திரம் முடிந்தது. அதனால் நான் எழுத்து ஒப்பந்தத்தின் பக்கம்தான். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

பவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "பவர் எழுதித் தாங்க, நானே பிளாட் போட்டு வித்துக்கிடுதேன், கைக்கு மொத்தமா ரூவா தாரேன்" என்று ஒருவர் வந்தார். ரூபாயை வாங்கிக்கொண்டு பவர் கொடுத்தால், அந்தச் சொத்தில் அவருக்கும் ஒரு சொந்த நலன் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட அதிகாரத்தை அவருக்குப் பாதகமாக முடித்துக்கொள்ள முடியாது என்பது 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202 ஆம் பிரிவு. மறுபக்கம், பவரை வைத்து மட்டும் யாரும் சொத்துக்கு உடமைக்காரர் ஆகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம்தான் உடமையை மாற்றும். சும்மா கொடுத்த பவராக இருந்தால், கொடுத்தவர் இறந்ததும் அதுவும் முடிந்துவிடும். அதனால்தான் பவர் ஏஜெண்ட் பத்திரம் எழுதப் போனால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்கிறார்கள்.

வீட்டு ஆளுக்குப் பவர் கொடுப்பது வேறு விஷயம். தம்பி தோஹாவில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு எனக்குப் பவர் அனுப்பினான். அது இங்கே வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்தினோம். வளைகுடாவில் ஆள் இருக்கிற குடும்பத்துக்கு இது இல்லாமல் முடியாது. புரோக்கருக்கு மட்டும் வேண்டாம்.

சரி, இனி உண்மையான போட்டிக்கு வருவோம். பலரிடம் வாயால் சொல்வதில் உள்ள நன்மை எல்லாருக்கும் தெரிந்ததுதான். செலவில்லை, கட்டுப்பாடில்லை, நாலு பேர் தேடினால் ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. நாங்களும் அப்படித்தான் நாலு பேரிடம் சொன்னோம். சென்டுக்கு 1,10,000 ரூபாய் என்பது எங்கள் விலை.

ஒரு சனிக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்து விளையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "அக்கா, இதே விளைய இந்த வாரம் மூணு பேரு காட்டியாச்சு. ஒருத்தரு சென்டுக்கு ஒண்ணு பத்துங்காரு, அடுத்தவரு ஒண்ணேகாலுங்காரு, இன்னொருத்தரு ஒண்ணு முப்பத்தஞ்சு. உள்ளதச் சொல்லுங்க, உங்க வெல என்ன?"

நான் உள்ளதைச் சொன்னேன். ஆனால் அவர் முகத்தில் விழுந்த சந்தேகம் போகவே இல்லை. மூன்று விலை கேட்டவருக்கு நாலாவது விலையும் பொய்யாகத்தான் தெரியும். அவர் திரும்பி வரவில்லை. அந்த வாரமே இரண்டு புரோக்கர்கள், "அந்த ஆளு நம்ம ஆளு" என்று தனித்தனியே போன் செய்து கமிஷனை உறுதிப்படுத்தச் சொன்னார்கள். வாயால் சொன்னதுதானே என்று தட்டிவிடவும் முடியாது. ஒருவரை ஏஜெண்டாக அமர்த்துவதற்கு எழுத்து வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்லவில்லை, வாய்ச்சொல்லும் செல்லும். என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பதற்குத்தான் சாட்சி இருக்காது.

இதையெல்லாம்விட எங்கள் கதையை முடிவு செய்தது வேறொன்று. தாள்.

அந்த ஒன்றரை வருடத்தில் நாலு பேரில் ஒருவர்கூட எங்கள் பத்திரத்தை வாங்கி முழுதாகப் படிக்கவில்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். தான் மூன்று மாதம் தாலுகா அலுவலகத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைந்து தாளைச் சரி செய்த பிறகு, அடுத்தவர் ஆளைக் கூட்டி வந்து கமிஷனை வாங்கிப் போய்விட்டால்? எந்தப் புரோக்கரும் அந்த வேலையைச் செய்ய மாட்டார். அவரவர் ஆள் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். குமரி மாவட்டத்தில் விளை விற்பது என்றால் பாதிக்கு மேல் தாள் வேலைதான்.

தக்கலையில் ஒரு வயதான புரோக்கரை அப்பாவின் சிநேகிதர் சொல்லி அனுப்பினார். முதல் நாளே விளையைப் பார்க்க வரவில்லை. "மக்களே, ஆளு பின்னால வரும். மொதல்ல பிரமாணத்தக் காட்டு" என்றார். பத்திரத்தை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் பிரமாணம் என்றுதான் சொல்வார்கள். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் விரித்து வைத்தேன்.

தாத்தா வாங்கிய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தது. தேதி கொல்லம் 1118, அதாவது 1942–43. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 ஆம் தேதி, அதற்கு முந்தியது எல்லாம் திருவிதாங்கூர் கணக்கு. அதில் இருந்தது பழைய சர்வே எண், பட்டாவில் இருந்தது ரீசர்வே எண், அதாவது மறு அளவையில் வந்த புது எண். அப்பாவும் பெரியப்பாவும் எழுதிக்கொண்ட பாகப்பத்திரத்தில் எங்கள் பங்கு 46 சென்ட், அளந்து பார்த்தால் 42½ தான். பட்டாவோ இன்னும் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அப்போது இணையத்தில் வில்லங்கம் 1975 முதல்தான் பார்க்க முடிந்தது, அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: "ஒங்க அத்த எங்க கையெழுத்துப் போட்டிருக்கா?"

அத்தை எங்குமே கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா உயில் எழுதாமல் 1968ல் இறந்தார். அத்தைக்குக் கல்யாணத்தின்போதே சீதனம் கொடுத்தாயிற்று, இனி பங்கில்லை என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1951லிருந்தே அது செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று மேரி ராய் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986ல் தீர்ப்புச் சொன்னது. அப்படியானால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எங்கள் விளையில் அத்தைக்குப் பங்கு இருந்தது. இவ்வளவு காலம் ஆகிவிட்டதே என்று நாங்கள் வாதாடலாம். வாங்குகிறவரின் வக்கீலும் வங்கியும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வாதாடவும் எனக்கு மனமில்லை, அத்தையுடையது அத்தையுடையதுதான். அவருக்குச் சேர வேண்டியதைப் பேசி முடித்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்தோம். அத்தைக்கு 81 வயது. சார்பதிவாளர் முன்னால் விரல் ரேகை வைக்கும்போது, "எனக்கும் பங்கு உண்டுன்னு இப்பத்தான் ஒருத்தர் கேக்காங்க" என்றார்.

இந்த வேலைகளை முடிக்க மூன்றரை மாதம் ஆனது. நிலத்தைத் தனி எண்ணாகப் பிரிக்கும் உட்பிரிவுக்கு மனு, சர்வேயர் வரும் நாளில் பக்கத்து விளைக்காரரை வரவழைப்பது, மலையாளப் பத்திரத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெரியவர்தான் நடந்தார். கமிஷன் தனக்குத்தான் என்று எழுத்தில் இருந்ததால் நடந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த வழியைச் சொல்வேன்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதினோம் என்று பலர் கேட்கிறார்கள். முத்திரைத்தாளில் ஒன்றரைப் பக்கம், பதிவு செய்யத் தேவையில்லை. கமிஷன் 2 சதவீதம், கிரயம் பதிவாகும் நாளில் மட்டும். வேறு பேச்சு இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் ஏஜெண்டுக்குக் கூலி என்று ஒப்பந்தச் சட்டத்தின் 219 ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் அட்வான்ஸ் அன்றே பாதி கமிஷன் கேட்கும் வழக்கம் இருப்பதால் எழுதிவிட்டோம். அட்வான்ஸை அவர் கையில் வாங்கக் கூடாது. அசல் பத்திரம் அவரிடம் போகாது, ஜெராக்ஸ் மட்டும். அவரோ அவர் வீட்டாரோ வாங்குவதானால் முதலிலேயே சொல்ல வேண்டும். நாங்கள் சொன்ன விலைக்கு மேல் எவ்வளவு வந்தாலும் அது எங்களுக்கு. அலுவலகக் கட்டணங்கள் எங்கள் பொறுப்பு.

இரண்டு இடத்தில் இழுபறி இருந்தது. எங்கள் சொந்தக்காரரே வாங்கினால் கமிஷன் உண்டா? அவர் உண்டு என்றார், நான் இல்லை என்றேன், பாதி என்று முடிந்தது. அடுத்து, காலக்கெடு. அவர் ஒரு வருடம் கேட்டார், நான் ஆறு மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவரையே நம்பிக் கட்டுப்பட்டுவிட்டால், அவர் சோம்பி உட்கார்ந்தால் நாமும் உட்கார வேண்டியதுதான். இந்த வழியின் பெரிய ஆபத்து இதுதான், கெடு தேதி போடாத ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கெடு முடிந்த பிறகு, அவர் முன்பு காட்டிய ஆளே வந்து வாங்கினால் 3 மாதம் வரை கமிஷன் உண்டு என்று பதிலுக்கு விட்டுக்கொடுத்தேன். அதற்காக ஒரு 40 பக்க நோட்டு போட்டோம். வந்தவர் பெயர், தேதி, இருவர் கையெழுத்து. கடைசியில் அதில் 11 பெயர்கள் இருந்தன.

ஆறு மாதம் முடிந்து ஒரு மாதம் நீட்டினோம். ஒன்பதாவது பெயர்க்காரர் சென்டுக்கு 1,15,000 ரூபாய் வீதம் வாங்கினார். கேட்டதைவிட 5,000 கூடுதல், ஏனென்றால் அவருடைய வக்கீல் தாளில் குறை ஒன்றும் காணவில்லை. மொத்தம் 48,87,500 ரூபாய். பெரியவருக்கு 97,750. இடையில் போட்ட விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தோம், 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

எங்கள் அனுபவம் ஒரு விளையோடு நின்றது. நாகர்கோவிலுக்குள் தாள் சுத்தமாக உள்ள வீட்டை விற்றவர்கள், நாலு பேரிடம் சொன்னதே போதும் என்று சொல்லலாம், அதை மறுக்க மாட்டேன். மலையோரக் கிராமங்களில் தனியார் காடுகள் சட்டம் குறுக்கே வரும் இடங்களில் எந்தப் புரோக்கரைவிடவும் வக்கீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிய மனைப்பிரிவில் பிளாட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் திட்டமும் ரெராவில் (மனை விற்பனையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும், விற்கிற ஏஜெண்டும் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களின் சொந்த விளையை விற்றுக் கொடுக்கும் புரோக்கருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அதனாலேயே நாம் எழுதுகிற ஒப்பந்தம்தான் நமக்குக் காவல்.

போன மாதம் பெரியப்பா மகன் தன் பங்கை விற்கப்போவதாகச் சொல்லி அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கேட்டான். ஜெராக்ஸ் எடுத்து, கையால் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்: சர்வேயர் அளந்து கல் போட்ட பிறகே ஆள் காட்டுவது.