‘மென்மையானது, போட்டிக்குச் செல்லும்’ என்று விற்ற பிட்: வாங்கும் முன் நடுத் தகட்டைப் பாருங்கள்

வாய்க்கூச்சம் உள்ள குதிரைக்குப் போட்டி பிட் (கடிவாளத்தில் வாய்க்குள் போகும் உலோகத் துண்டு) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிட் பொருத்துவதில் நிபுணர் என்று சொல்லி வந்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருந்த சரக்கையே தள்ளிவிட்டுப் போன ஒருவரால் எங்கள் குதிரை பட்ட பாடு இது.

எங்கள் பெண் குதிரைக்கு லகானில் விரல் அசைந்தாலே போதும், திரும்பிவிடும். பயிற்சியில் வாயில் எதுவும் இல்லாத பிட்லெஸ் கடிவாளம்தான். ஆனால் டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையின் நடையையும் பணிவையும் பார்த்து மதிப்பெண் போடும் போட்டிகளில், பெரும்பாலும் அது செல்லாது. அதனால் எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெளிவாக எழுதியே அனுப்பினேன்: இரண்டு மூட்டு ஸ்னாஃபில் (நெம்புகோல் இல்லாமல் லகான் நேராக இழுக்கும் பிட்), நடுவில் முனைகள் உருண்ட துண்டு, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டிரெஸ்ஸாஜ் விதிக்கு உட்பட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

வந்தவர் வாயின் அகலத்தை மட்டும் அளந்தார். உதட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஓநாய்ப் பல் (கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு பல்) இருக்கிறதா, பல் மருத்துவர் எப்போது பார்த்தார் என்று ஒரு கேள்வி கிடையாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடத்தில்தான் பிட் உட்காருகிறது. அங்கே ஈறு மெல்லியது, அதற்கு அடியிலேயே தாடை எலும்பின் விளிம்பு. வாயை மூடினால் மிச்ச இடத்தை நாக்கு நிரப்பிவிடும். நாக்கு தடித்த, மேலண்ணம் தாழ்ந்த குதிரைக்கு உள்ளே இடமே இருக்காது. இதைப் பார்க்காமல், “தடிமனான பிட்தான் மென்மையானது” என்று சொல்லிப் பெரிய உருளை ஒன்றை நீட்டினார். தடிமன் கூடினால் அழுத்தம் பரவும் என்பது உண்மைதான். ஆனால் இடம் இல்லாத வாயில் அது எப்போதும் நாக்கை நசுக்கிக்கொண்டேதான் இருக்கும். லகானைத் தளர்த்தினாலும் குதிரைக்கு விடுதலை இல்லை.

அதைவிட மோசம் நடுத்தகடு. நான் கேட்டது பிரெஞ்சு லிங்க் மாதிரி. அதில் நடுத்துண்டு எட்டு வடிவில், முனைகள் உருண்டு, நாக்கின் மேல் தட்டையாகப் படியும். அவர் கொடுத்ததில் தகடு நீளமாக, தட்டையாக, இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. டாக்டர் பிரிஸ்டல் என்ற வகை அது. லகான் இறுகும்போது அதன் விளிம்பு நாக்கில் பதியும். தொங்கவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளங்கையில் வைத்து, வளையங்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, தகட்டின் மேல் விரலை ஓட்டினால் விளிம்பு உடனே தட்டுப்படும். பிட் விற்றே பிழைக்கிறவருக்கு இது தெரியாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

குதிரை உடனே சொல்லிவிட்டது. நாக்கைப் பின்னால் இழுத்தது, பிட்டுக்கு மேலே தூக்கிப் போட்டது, திரும்பும்போதெல்லாம் தலையை உதறியது. போன் செய்தால் அவர் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை: “பழகவில்லை, அவ்வளவுதான். மூக்குப்பட்டையை இன்னும் ரெண்டு ஓட்டை இறுக்குங்கள், வாயைத் திறக்காது.” வலிக்கிறது என்று சொல்லும் வாயை இழுத்துக் கட்டச் சொல்கிறார்! மூக்குத் தண்டுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய வழக்கம். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் இந்த இடைவெளியை அளக்கத் தனிக் கருவியே கொண்டுவந்துவிட்டது. இவர் இப்படி யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். இறுக்கவில்லை, பிட்டைக் கழற்றிவிட்டேன்.

கழுவும்போது இன்னொன்றும் தெரிந்தது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று விற்றது வெறும் முலாம். மூட்டுக்குப் பக்கத்தில் பூச்சு செதிலாக உரிந்து, அடியில் மஞ்சள் உலோகம் எட்டிப் பார்த்தது. அந்த உரிந்த ஓரம் நகத்தில் மாட்டியது. இது நாக்கிலும் உதட்டோரத்திலும் உரசினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

விதி விஷயத்துக்கும் தெளிவு வேண்டும் என்று அதைப் போட்டி ஸ்டீவர்டிடம் (விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், டிரெஸ்ஸாஜுக்கு இது செல்லாது என்று சொல்லிவிட்டார். அந்த பிட்டோடு களத்தில் இறங்கியிருந்தால் நீக்கியிருப்பார்கள். ‘போட்டிக்குச் செல்லும்’ என்ற பேச்சே மொட்டையானது. பெல்ஹாம் என்ற நெம்புகோல் பிட் குதித்தல் போட்டியில் சாதாரணம், டிரெஸ்ஸாஜில் கூடாது. வாயில் இரண்டு பிட் போடும் டபுள் பிரைடில் என்றால், நெம்புகோல் உள்ள கர்ப் பிட்டின் வாய்க்கம்பி குறைந்தது 12 மில்லிமீட்டர் தடிமன், கூடவே போடும் மெல்லிய ஸ்னாஃபிலான பிரிடூன் குறைந்தது 10 மில்லிமீட்டர் என்று சர்வதேச டிரெஸ்ஸாஜ் விதி கணக்கு வைத்திருக்கிறது. எந்தப் பிரிவு, எந்த நிலை, எந்த அமைப்பின் விதி என்று கேட்காமல் ஒருவர் ‘செல்லும்’ என்று சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வாயில் போட்ட பிட்டை எடுக்க மாட்டோம் என்றார். வாயில் போடாமல் பொருத்தம் எப்படித் தெரியும்? வாடகைக்கு பிட் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் கடைகள் இருக்கின்றன, முதலில் அவர்களைத் தேடுங்கள். இல்லாவிட்டால் உலோகம், தடிமன், நடுத்துண்டின் வகை, எந்த விதிக்கு உட்பட்டது, திருப்பித் தரலாமா என்பதையெல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். என் ரசீதில் ‘ஸ்னாஃபில் 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் இப்போது நழுவுகிறார். நான் எழுதி அனுப்பிய பட்டியலும் அவர் சரி என்று அனுப்பிய பதிலும் கையில் இருப்பதால் புகார் கொடுத்திருக்கிறேன்.

குதிரைக்கு அப்புறம் பல் மருத்துவரை வைத்து வாயைத் திறந்து பார்த்து, மெல்லிய, உருண்டை நடுத்துண்டு உள்ள எக்பட் ஸ்னாஃபில் (வளையம் நழுவாமல் வாய்க்கம்பியோடு நிலையாகப் பொருத்தியது) போட்டோம். தலையை உதறுவது நின்றுவிட்டது. பணம் இன்னும் வரவில்லை. அவர் அதே பிட்டை, அதே ‘மென்மையானது’ என்ற விளக்கத்தோடு இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார்.