எஸ்எம்பிகிளையண்ட்: நாஸ் பெட்டியுடன் நேராகப் பேசும் கட்டளைவரிக் கருவி

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் நாஸ் பெட்டியில் (வலையமைப்பு வழியே அணுகும் கோப்புச் சேமிப்புக் கருவியில்) கோப்புகளைப் போடவும் எடுக்கவும், லினக்ஸ் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் கோப்பு மேலாளரையே நாடுகிறார்கள். இணைப்பு ஒழுங்காக இருக்கும்வரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இணைப்பு கிடைக்காத நாளில் 'இணைக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். கடவுச்சொல் தவறா, பகிர்வின், அதாவது பெட்டி பகிர்ந்து தரும் அடைவின், பெயர் தவறா, பெட்டியே அணைந்து கிடக்கிறதா என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சாம்பா தொகுப்பைச் சேர்ந்த எஸ்எம்பிகிளையண்ட் தன் தகுதியைக் காட்டுவது அப்படிப்பட்ட நாளில்தான்.

சாம்பா, 1992இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிஜெல் தொடங்கிய திட்டம். விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிர்வதற்குக் கையாளும் எஸ்எம்பி நெறிமுறையை யுனிக்ஸ் வகைக் கணினிகளும் பேசும்படி செய்தது அது. இன்று விற்பனையில் உள்ள நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவதும் லினக்ஸும் சாம்பாவும்தான் என்பதால், எஸ்எம்பிகிளையண்டைக் கொண்டு அவற்றை அணுகும்போது கம்பியின் இரு முனைகளிலும் ஒரே குடும்பத்து மென்பொருள்தான் உட்கார்ந்திருக்கிறது. விலை கிடையாது; ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் சாம்பா சேவையகம் முழுவதையும் நிறுவாமல் இந்தக் கருவியை மட்டும் தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்ளலாம். ஒரு பகிர்வை மவுண்ட் செய்வதற்கு, அதாவது கணினியின் சொந்த அடைவுபோல இணைத்துக்கொள்வதற்கு, வழக்கமாக ரூட் (நிர்வாகி) அனுமதி தேவைப்படும். இதற்கு அது தேவையில்லை என்பது, பிறருடைய கணினியில் வேலை செய்ய நேர்பவர்களுக்குப் பெரிய வசதி.

முதலில் செய்யத்தக்கது, பெட்டியின் முகவரியோடு பெரிய எழுத்து 'எல்' என்ற தெரிவைக் கொடுத்து, அதில் என்னென்ன பகிர்வுகள் இருக்கின்றன என்று கேட்பது. பெயர், வகை, குறிப்பு என்று மூன்று பத்திகளில் பட்டியல் வரும். டாலர் குறியில் முடியும் பெயர்கள் விண்டோஸ் மரபுப்படி மறைவானவை. பகிர்வின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் முழு முகவரியையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். விண்டோஸ் பாணியில் பின்சாய்கோடு போட்டால் கட்டளைகளை வாங்கும் ஷெல் அதை விழுங்கிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் இரட்டிக்க வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்கு முன்சாய்கோடே நல்லது, கருவி அதையும் ஏற்றுக்கொள்கிறது. பகிர்வுக்குள் நுழைந்ததும் பழைய கோப்புப் பரிமாற்ற முறையான எஃப்டிபி பழகியவர்களுக்குத் தெரிந்த முகம்தான்: எல்எஸ் (பட்டியலிட), சிடி (அடைவு மாற), கெட் (இறக்க), புட் (ஏற்ற). எல்எஸ் கொடுத்தால் பெயருக்கு அடுத்து அடைவு, மறைகோப்பு, படிக்க மட்டும் போன்ற பண்புகளைக் குறிக்கும் எழுத்துகளும், பைட்டுகளில் அளவும், தேதியும் வரும். கடைசி வரியில் வட்டில் மீதமிருக்கும் இடம் ஜிகாபைட்டில் வராமல், பிளாக் கணக்கில் நீண்ட எண்ணாக வந்து நிற்கும். அதை மனக்கணக்காக மாற்றிப் பார்க்கும் வேலை நம்முடையது. இத்தனை ஆண்டுகளில் இதைச் சரிசெய்திருக்கலாம்.

இனி, இந்தக் கருவியை வைத்திருப்பதற்கே காரணமான பிழைக்குறிப்புகள். 'என்டி ஸ்டேட்டஸ்' என்று தொடங்கும் அந்தப் பெரிய எழுத்து வரிகள் பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருந்தாலும், ஒவ்வொன்றும் பழுது எங்கே என்பதைக் குறிப்பாகச் சொல்கிறது. 'ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' அல்லது 'ஐஓ டைம்அவுட்' வந்தால் பெட்டி அணைந்திருக்கிறது, அல்லது வேறு வலையமைப்பில் இருக்கிறது, அல்லது இடையில் ஒரு ஃபயர்வால் மறிக்கிறது. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெட்டி விழித்திருக்கிறது, ஆனால் எஸ்எம்பிக்குரிய போர்ட் 445இல் கோப்புச் சேவை ஓடவில்லை. நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்பியை இயக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'லாகான் ஃபெயிலியர்' பயனர் பெயர் அல்லது கடவுச்சொல்லையும், 'பேட் நெட்வொர்க் நேம்' பகிர்வின் பெயரையும் சுட்டும். 'ஆக்சஸ் டினைட்' வந்தால் மட்டும் அவசரப்பட்டு அனுமதிகளைத் திருத்தப் போகக் கூடாது. தெரியாத பயனர் பெயரை விருந்தினராக ஏற்றுக்கொள்ளும்படி சாம்பாவை அமைக்க முடியும். அப்படி அமைந்த பெட்டியில், பயனர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் உள்நுழைவு வெற்றி பெற்றதாகவே தோன்றி, பிறகு அடைவைத் திறக்கும்போதுதான் அனுமதி மறுக்கப்படும். ஆகவே முதலில் பெயரைச் சரிபார்ப்பதே முறை. இவ்வளவும் போதாதென்றால் பிழைத்திருத்த அளவை மூன்றுக்கு உயர்த்தி ஓட்டலாம்; உரையாடல் எந்தப் படியில் முறிகிறது என்பது வரிவரியாகத் தெரியும்.

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் வேறொரு தடையைச் சந்திப்பார்கள். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியதற்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையே வழிவிட்டது. 2019இல் வெளிவந்த சாம்பா 4.11 முதல் அந்தப் பதிப்பு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. விளைவாக, ஆப்பிள் 2018இல் விற்பனையை நிறுத்திய டைம் கேப்ஸ்யூல் என்ற காப்புப்பிரதிப் பெட்டி போன்ற, எஸ்எம்பியில் முதல் பதிப்பை மட்டுமே அறிந்த கருவிகள் புதிய லினக்ஸோடு பேச மறுக்கின்றன. குறைந்தபட்ச நெறிமுறையை அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் தளர்த்திக்கொள்ள எஸ்எம்பிகிளையண்ட் இடம் தருகிறது. கணினியின் அமைப்புக் கோப்பையே மாற்றி எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பதைவிட இது மேல். ஆனாலும் தரவை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை ஓய்வுக்கு அனுப்பும் வரைக்குமான ஏற்பாடாகத்தான் இதைக் கருத வேண்டும்.

பல கோப்புகளை ஒரே மூச்சில் எடுக்கும் எம்கெட் கட்டளை இயல்பு நிலையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஆம், இல்லை என்று கேட்கும்; உள் அடைவுகளுக்குள் போகவும் செய்யாது. பிராம்ப்ட் என்பதை அணைத்து, ரிகர்ஸ் என்பதை இயக்கிய பிறகே அது நாம் எதிர்பார்ப்பதைச் செய்கிறது. இடையில் அறுந்த பெரிய கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடர ரீகெட் உண்டு. ஆல்இன்ஃபோ என்ற கட்டளை ஒரு கோப்பின் எல்லா நேரக்குறிகளையும் தருவதோடு, பெட்டி பழைய நிலைகளை ஸ்னாப்ஷாட்டாக வைத்திருந்து அவற்றை வெளிப்படுத்தினால் அவற்றின் பட்டியலையும் காட்டுகிறது. தவறுதலாக மேலெழுதப்பட்ட கோப்பைத் தேடுபவருக்கு இது எதிர்பாராத உதவி.

நாள்தோறும் காப்புப்பிரதி எடுக்க இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெட் கட்டளையால் இறக்கிய கோப்பின் தேதி இறக்கிய நேரமாகவே பதிவாகிறது. 2011இல் எடுத்த படமும் இன்றைய தேதியோடு வந்து சேரும். கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் டார் முறையில் எடுத்தால் பழைய தேதிகள் காக்கப்படும், ஆனால் மாறியதை மட்டும் கண்டறிந்து அனுப்பும் வேலைக்கு ஆர்சிங்க்தான் சரி. பெட்டி எஸ்எஸ்எச் (பாதுகாப்பாகத் தொலைவிலிருந்து நுழையும்) வசதி தருமானால் அதன் வழியே ஆர்சிங்க்கை ஓட்டுவதே முறையான வழி. ஆர்சிங்க்கையும் 1996இல் தொடங்கியவர்களில் ஒருவர் இதே ட்ரிஜெல்தான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர்கள் சிதையாமல் போய்வருகின்றன. எல்எஸ் பட்டியலில் மட்டும் பத்திகள் கோணல்மாணலாகத் தெரியும். கருவி இடைவெளியைப் பைட் கணக்கில் நிரப்புகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால், திரையில் மூன்று எழுத்தாகத் தெரியும் 'தமிழ்' என்ற சொல் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்) 15 பைட் பிடிக்கிறது. பெட்டியின் வட்டு எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் இருந்தால் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. அதாவது 85 குறியீடுகள். இசைக் கச்சேரிப் பதிவுகளுக்குப் பாடல், ராகம், தாளம், பாடியவர் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடுவார்கள்.

ஸ்கிரிப்டில் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பில்) பயன்படுத்துவோர் கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதாமல், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய தனிக் கோப்பைச் சுட்டிக்காட்டி, அந்தக் கோப்பைத் தாங்கள் மட்டும் படிக்கும்படி பூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல் ஸ்கிரிப்டிலேயே வெளிப்படையாகக் கிடக்கும். 2021இல் வந்த சாம்பா 4.15 பதிப்பு தெரிவுகள் சிலவற்றை மாற்றியமைத்தது. மறையாக்கத்துக்கான பழைய ஒற்றை எழுத்துத் தெரிவு போய், அந்த இடத்தில் நீண்ட பெயருள்ள வேறொன்று வந்துவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதிய ஸ்கிரிப்டுகள் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.