காத்திருப்பதா, காசு கொடுப்பதா, வழக்குப் போடுவதா?

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்து, குத்துச்சண்டைக்காரனான அக்கா மகன் எட்டுப் பக்கக் கடுதாசி ஒன்றை என் முன்னால் போட்டான். முழுக்க இங்கிலீஷ். சண்டைகளை ஏற்பாடு செய்யும் வெளிநாட்டுப் புரொமோட்டர் ஒருவரோடு அவன் செய்த ஐந்து வருட ஒப்பந்தம். வருடத்துக்கு மூன்று சண்டை என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களாம். பதினாலு மாதத்தில் நடந்தது ஒன்று. இப்போது இன்னொரு கம்பனி கூப்பிடுகிறது. "போகலாமா மாமா?" என்றான்.

நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணி ஒருவரிடம் இருபது வருடம் கிளார்க்காக இருந்தவன், அவ்வளவுதான். வாசித்துப் பார்த்தேன். மூன்று சண்டை என்ற பேச்சே அதில் இல்லை. "ஏற்பாடு செய்ய முயற்சி எடுப்பார்" என்று மட்டும் இருந்தது. முயற்சி எடுக்கவில்லை என்று எவன் நிரூபிப்பது?

இந்தச் சிக்கல் நம்ம ஆட்களுக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடலைத் தாண்டி வந்த வழிச்செலவிலேயே கடன் தொடங்கிவிடும். துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தில் கூடுதல் முன்பணம் வாங்குவார். பழைய கடன் தீரும், அதைவிடப் பெரிய கடன் புதுத் தோட்டத்தில் ஏறும். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். குத்துச்சண்டையில் அது இன்னும் நடக்கிறது என்பதுதான் அந்த எட்டுப் பக்கத்தை வாசித்தபோது எனக்குப் பட்டது.

சரி, வெளியே வர என்ன வழிகள்? உலகத்தில் பெரிய குத்துச்சண்டைக்காரர்கள் நாலைந்து விதமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். நான் இரண்டே கேள்வியை வைத்துத்தான் அவற்றைப் பார்க்கிறேன்: எத்தனை மாதம் ரிங்குக்கு வெளியே இருக்க வேண்டும், கையிலிருந்து எவ்வளவு போகும்.

பையனின் மனதில் இருந்தது துண்டு இல்லாமலேயே தாண்டுவது. பழசை அப்படியே விட்டுவிட்டு, புதியவரிடம் கையெழுத்து. 2006இல் மேனி பக்கியாவ் இதைத்தான் செய்தார். கோல்டன் போய் என்ற புரொமோட்டர் கம்பனியிடம் முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் திரும்பித் தன் பழைய கம்பனியான டொப் ரேங்கிடமே போய் அங்கேயும் போட்டார். இரண்டு கம்பனியும் ஒன்றோடொன்று மோதி, 2007இல் சமரசமானது. பக்கியாவ் டொப் ரேங்கிலேயே இருப்பார், அவருடைய சண்டைகளில் கோல்டன் போய்க்கும் ஒரு பங்கு. ஒரு கொழுந்துக் கூடைக்கு இரண்டு தராசு. பக்கியாவ் போடும் சண்டையில் இருவருக்கும் கொடுத்தது போக நிறையவே மிஞ்சும். இவனுக்கு மிஞ்சாது. புதுக் கம்பனிக்காரன் வழக்கு என்று கேட்டதுமே கழன்றுகொள்வான்.

அடுத்தது, பேசாமல் உட்கார்ந்திருப்பது. மைக்கி கார்சியா 2014 ஜனவரியில் சண்டை போட்டார். அடுத்து அவர் ரிங்கில் ஏறியது 2016 ஜூலையில். இடையில் டொப் ரேங்கோடு வழக்கு. ஆளுழைப்பு ஒப்பந்தம் எதுவும் ஏழு வருடத்துக்கு மேல் ஆளைக் கட்டக்கூடாது என்ற கலிபோர்னியாச் சட்டத்தைப் பிடித்துத்தான் போனார். (1944இல் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட், சினிமாக் கம்பனியிடமிருந்து விடுபட்டது இதே சட்டத்தால்.) கடைசியில் தீர்ப்பு வரவில்லை, சமரசம்தான் வந்தது. முப்பது மாதம் போனாலும் 2017 ஜனவரியில் இன்னொரு எடைப் பிரிவில் உலகப் பட்டத்தை அடித்தாரே என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அன்ட்ரே வோர்டைப் பாருங்கள். தன் புரொமோட்டர் டேன் கூசனிடமிருந்து விடுபடப் பார்த்து தகராறை விசாரித்த நடுவரிடமும் தோற்றார், நீதிமன்றத்திலும் தோற்றார். 2014 செப்டெம்பரில் கூசன் காலமான பிறகுதான், 2015 ஜனவரியில் வேறு கம்பனியோடு சேர்ந்தார். 2013 நவம்பருக்கும் 2015 ஜூனுக்கும் இடையில் ஒரு சண்டைகூட இல்லை. அப்போது அவர் தோற்காத உலகச் சம்பியன், முப்பது வயது. உடம்பு நல்ல கட்டத்தில் இருந்த நாட்கள் அவை.

அவர்கள் இருவரும் காத்திருக்கும்போது வீட்டில் அடுப்பு எரிந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து போன பையனுக்கு முப்பது மாதம் சாப்பாடு யார் போடுவது? அதைவிட மோசமான ஒன்று பதினோராம் பந்தியில் இருந்தது. அவன் சண்டைக்கு மறுத்த காலம், காயப்பட்ட காலம் எல்லாம் ஒப்பந்தக் காலத்தின் வாலில் கூட்டப்படும். இப்படி எழுதுவது அந்தத் தொழிலில் சாதாரணம். அப்படியானால் காத்திருக்கக் காத்திருக்க ஐந்து வருடம் ஆறாகும், ஏழாகும். இந்த வழியை நான் அங்கேயே வெட்டிவிட்டேன்.

வழக்கு? யார் போடுகிறார் என்பதைப் பொறுத்தது. கனெலோ அல்வரெஸ் 2020 செப்டெம்பரில் கோல்டன் போய் மீதும், சண்டைகளை இணையத்தில் ஒளிபரப்பும் டேசோன் மீதும் 280 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். நவம்பரில் விடுதலை, டிசம்பரில் சண்டை. இரண்டே மாதம்! ஆனால் அவர் இல்லாமல் டேசோனுக்குக் கடை நடக்காது, அதனால்தான் அந்த வேகம். மைக் டைசன் 1998இல் தன் புரொமோட்டர் டொன் கிங்கிடம் வழக்குப் போட்டு 100 மில்லியன் கேட்டார். 2004இல் 14 மில்லியனுக்கு முடிந்தது. அதற்குள் டைசன் வங்குரோத்து, கடன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஆறு வருடம் போராடி, வந்த காசையும் மற்றவர்கள் பங்கு போட்டார்கள்.

இங்கிலாந்தில் கொஞ்சம் வேறு மாதிரி. குத்துச்சண்டைக்காரர் நைஜல் பென்னை மடக்கி வைக்கப் பழைய மெனேஜர் தடையுத்தரவு கேட்டபோது, 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கவில்லை. குத்துச்சண்டைக்காரனின் தொழில் காலம் குறுகியது, ஆளைத் தடுத்தால் பழைய ஆளிடமே போகக் கட்டாயப்படுத்துவது போலாகும் என்ற நியாயம். 1991இல் மைக்கேல் வொட்சன் வழக்கில், மெனேஜரும் புரொமோட்டரும் ஒரே ஆள் என்று இருந்த ஒப்பந்தம் தொழில் சுதந்திரத்தை நியாயமில்லாமல் கட்டுகிறது என்று தள்ளுபடியானது. இதை வாசித்தபோது எனக்கு ஆசை வந்தது என்பது உண்மை. ஆனால் நம் கடுதாசியில் தகராறு வெளிநாட்டு நடுவர் மன்றத்துக்கு என்று எழுதியிருக்கிறது. 1995ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி, அங்கே வரும் தீர்ப்பை இங்கே கொழும்பில் பதிந்து அமுலாக்க முடியும். கண்டி நீதிமன்றத்தில் நம் சிறு நியாயத்தைச் சொல்லித் தப்ப முடியாது.

மிஞ்சியது, விலை கொடுத்து விடுபடுவது. 2006இல் ஃபுளொய்ட் மேவெதர் 7.5 இலட்சம் டொலர் கட்டி டொப் ரேங்கிலிருந்து வெளியேறினார். அன்றைக்குப் பெரிய தொகை. அடுத்த வருடம் டி லா ஹோயாவோடு மோதிய ஒரே இரவில் அதுபோல் முப்பது மடங்குக்கு மேல் சம்பாதித்தார். வழக்கு இல்லை, வீணான வருடம் இல்லை. என் கணக்கில் எல்லாவற்றிலும் மலிவு இதுதான். நம் கடுதாசியில் இப்படி ஒரு விலை எழுதப்படவில்லை என்பதுதான் குறை. எழுதாத விலையைக் கேட்டுப் பெறலாம். ரொக்கமாகத் தர நம்மிடம் இல்லை. அடுத்த மூன்று சண்டைப் பணத்தில் நூற்றுக்கு இவ்வளவு, அதற்கு மேல் எதுவும் இல்லை என்று பேசலாம். துண்டுதான் இதுவும், ஆனால் கடன் அடுத்த கம்பனியில் ஏறாத துண்டு. புதுக் கம்பனி முன்பணம் தருகிறேன் என்றாலும் அதைத் தொடாதே என்று பையனிடம் இரண்டு தரம் சொன்னேன்.

அமெரிக்காவில் 2000இல் வந்த முகமது அலி சட்டம், வீரனின் பணத்தில் என்னென்ன கழித்தோம் என்று புரொமோட்டர் காட்ட வேண்டும் என்கிறது. நமக்கு அது பொருந்தாது. ஆனால் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

விடுபட என்ன விலை என்று கேட்டுப் புரொமோட்டருக்குக் கடிதம் போனது. மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் பதில்: பேசலாம். தொகை இல்லை. அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த ஒரு சண்டைக் காசுல பிளேன் டிக்கெட்ட வெட்டிட்டானுங்களே, அதக் கேட்டியா தம்பி?"

கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அதைப் போட்டிருக்கிறேன்.