ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு இணையம்: ஃபைபரா, டவரா, டிஷ்ஷா?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு எந்தத் தொழில்நுட்பம் நல்லது என்று கேட்கும் முன் மூன்று எண்களைப் பார்த்துவிட வேண்டும். மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ.வின் 2023 கணக்குப்படி, அங்கே மொபைலில் இணையம் பயன்படுத்துவோர் 27 சதவீதம். சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்வோர் 13 சதவீதம். மீதி 60 சதவீதத்தினர் சிக்னல் இருக்கும் ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் இணையத்துக்குள் வரவில்லை. புதிய கேபிள், புதிய சாட்டிலைட் பற்றிய பேச்சில் பெரும்பகுதி அந்த 13 பேரைப் பற்றியது. 60 பேரை மறந்துவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம்தான் வீண்.

ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், சந்தை, இருநூறு வீடுகள் உள்ள கிழக்கு ஆப்பிரிக்க ஊர் ஒன்றை மனதில் வைத்து ஒப்பிடுவோம்.

ஃபைபர்

2009-இல் சீகாம், டீம்ஸ் என்ற இரண்டு கடலடி கேபிள்கள் கென்யாவின் துறைமுக நகரமான மொம்பாசாவைத் தொட்டன. அதுவரை கிழக்கு ஆப்பிரிக்கா 35,786 கி.மீ. உயரத்துச் சாட்டிலைட்டுகளையே நம்பியிருந்தது. ஒரு சொடுக்குக்குப் பதில் வர 600 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். கேபிள் வந்ததும் நைரோபி மாறியது. ஆனால் மொம்பாசாவில் கரையேறிய கேபிள் தானாக உள்நாட்டுக் கிராமத்துக்கு வந்துவிடாது. செலவும் சிக்கலும் கரையிலிருந்து ஊர்வரை உள்ள தூரத்தில்தான்.

ஃபைபர் என்பது ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழை. முதன்மை ஃபைபர் பாதை ஊரிலிருந்து 15 கி.மீ.க்குள் இருந்தால் கணக்கு இப்படி வரும். ஒரு இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஏறத்தாழ 17 டெசிபல் (ஒளி எவ்வளவு மங்குகிறது என்ற அளவு) ஒளி இழப்பு. 15 கி.மீ. இழையில் இன்னும் 5. இணைப்புகளுக்கு 2 வைத்தால் மொத்தம் 24. இப்படி ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் வழக்கமான ஜிபான் கருவி தாங்குவது 28. மிச்சம் 4 டெசிபல்தான்! ஒரு மோசமான ஸ்ப்ளைஸும் (இழைகளை ஒட்டிய இடம்), கம்பத்தில் இறுக்கிக் கட்டிய ஒரு வளைவும் சேர்ந்தாலே கடைசி வீடுகளின் இணைப்பு விழுந்துவிடும். அறுந்த இழையை ஒட்ட ஸ்ப்ளைசிங் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். அவர் வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஃபைபர் போடக் கூடாது. சாலை அகலப்படுத்தும்போது ஜேசிபி வெட்டிவிடுவது நைஜீரியாவிலிருந்து கென்யா வரை தீராத தலைவலி.

கடலுக்கு அடியிலும் அறும். 2024 மார்ச் 14 அன்று கோட் டிவோர் (ஐவரி கோஸ்ட்) கரைக்கு அப்பால் வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 என நான்கு கேபிள்கள் ஒன்றாகச் செயலிழந்தன. அதே ஆண்டு மே 12 அன்று ஈஸி, சீகாம் கேபிள்கள் இரண்டும் அறுந்து கிழக்கு ஆப்பிரிக்கா தடுமாறியது. சேவை தருபவரிடம் வேகத்தைக் கேட்பதைவிட, "உங்கள் இணைப்பு எத்தனை திசையில் நாட்டை விட்டு வெளியேறுகிறது?" என்று கேட்பது பயன் தரும்.

4ஜி டவர்

ஏற்கெனவே நிற்பதால் இதை முதலில் சோதியுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு செக்டாருக்கு (டவர் ஒரு திசையில் காட்டும் பகுதி) நடைமுறையில் நொடிக்குச் சராசரி 20 மெகாபிட் அளவில்தான் கிடைக்கும். அந்தப் பக்கத்து மக்கள் எல்லோருக்கும் அதுவே பங்கு. மாலையில் இழுபறி ஆவது அதனால்தான். போனில் ஆர்.எஸ்.ஆர்.பி. (வந்து சேரும் சிக்னலின் வலிமை) மதிப்பைப் பாருங்கள்: மைனஸ் 90 நன்று, மைனஸ் 110-க்குக் கீழே போனால் கஷ்டம். இடைப்பட்ட நிலையில், கம்பத்தில் மாட்டும் வெளிப்புற ரவுட்டரே போதும். ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து நீளமான கோஆக்ஸ் வயரைக் கீழே இறக்கினால், கூடிய சிக்னல் வயரிலேயே கரைந்துவிடும். டவரின் டீசல் தீர்ந்தால் ஊரே அணையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தாழ்வட்டப் பாதை டிஷ்

ஸ்பேஸ்எக்ஸின் சாட்டிலைட் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2023 ஜனவரியில் நைஜீரியாவிலும், ஜூலையில் கென்யாவிலும் நுழைந்தது. சுமார் 550 கி.மீ. உயரம் என்பதால் தாமதம் குறைவு, சாலையே இல்லாத இடத்திலும் ஒரே நாளில் இணைப்பு. அவசரத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பகுதிக்கு இருக்கும் கொள்ளளவு அளவானது: 2024 இறுதியில் நைரோபியிலும் சுற்றுப்புறத்திலும் புதிய இணைப்புகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆக, மக்கள் நெருங்கி வாழும் இடத்துக்கு இது ஃபைபருக்கு மாற்றாகாது. உரிமம் இல்லாத நாட்டில் பக்கத்து நாட்டுக் கணக்கை வைத்து ஓட்டுவதும் வேண்டாம். எந்த நாளும் துண்டிக்கப்படலாம்.

பலரும் தவறவிடுவது மின்சாரம். சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும். 75 என்றே வைத்தாலும் நாளுக்கு 1.8 யூனிட். ஐந்து மணி நேர நல்ல வெயில், 30 சதவீத இழப்பு என்று போட்டால் 550 வாட் சோலார் பேனல் வேண்டும். இரவு தாண்ட 1.1 யூனிட் வேண்டும். 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்று அதற்குச் சரியாக இருக்கும், ஆனால் மேகம் மூடிய மறுநாளுக்கு மிச்சம் இருக்காது. இரண்டாக வாங்குங்கள். மினி டிஷ் 25 முதல் 40 வாட்டில் ஓடும். 300 வாட் பேனல் போதும். பள்ளி என்றால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அணைத்தே மூன்றில் ஒரு பங்கு மிச்சப்படுத்தலாம். விக்டோரியா ஏரிப் பகுதியில் மின்னல் அதிகம். எர்த்திங் இல்லாமல் கூரையில் டிஷ் ஏற்ற வேண்டாம்.

பகிரும் வைஃபை

எங்கள் தேர்வு இதுதான்: ஊருக்கு ஒரே ஒரு டிஷ் அல்லது ஃபைபர் முனை, அங்கிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் சந்தைக்கும். தென்னாப்பிரிக்காவின் மங்கோசியில் ஜென்செலெனி கூட்டுறவு பகிர்வு வலையை ஊராரே நடத்திக் காட்டியிருக்கிறது. 10 கி.மீ. தொடர்புக்கு எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பாதையின் நடுவில், அந்த நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 7 மீட்டருக்கு மரமோ கூரையோ மறைக்காத இடைவெளி வேண்டும், பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர். கோடையில் அளந்து மாட்டிய இணைப்பு மழைக்குப் பின் தளரும். காரணம் நடுவே தழைத்த யூகலிப்டஸ்.

ரவுட்டரில் ஆளுக்கு 3 மெகாபிட் வரம்பு வையுங்கள். போன்களின் தானியங்கி அப்டேட்டை இரவுக்குத் தள்ளுங்கள். இவ்விரண்டும் இல்லையென்றால் 100 மெகாபிட்டையும் நான்கைந்து போன்களே விழுங்கிவிடும்.

இனி அந்த 60 சதவீதம். 2020-இல் கென்யாவில் மொபைல் நிறுவனமான சஃபாரிகாம், கூகுளுடன் சேர்ந்து 4ஜி போனை முன்பணம் 1,000 ஷில்லிங், பிறகு தினம் 20 ஷில்லிங் தவணை என்று கொடுத்தது. ஊர் வைஃபைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இப்படியான போன் தவணைக்கும், சந்தையில் ஒரு சார்ஜிங் மேசைக்கும் வைத்தால் பயன்படுத்துவோர் எண்ணிக்கை கூடும். மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை பேட்டரி மாற்றத்துக்கென்று முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட வேண்டும். பேட்டரி செத்த பிறகு வசூல் செய்யக் கிளம்பினால் அதற்குள் ஊர் பழையபடி டவருக்கே திரும்பியிருக்கும்.