டெக்சஸில் ஆறாம் வகுப்பு ஜிடி சேர்க்கை: படிவம் முதல் வகுப்பறை வரை என் மதிப்பீடு

டல்லாஸுக்கு வடக்கே ஒரு ஐஎஸ்டியில், அதாவது கல்வி மாவட்டத்தில், என் பெரியவள் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் ஐந்தாவதில் இருந்தபோது ஜிடி என்கிற மீத்திறன் வகுப்புக்கு விண்ணப்பித்தோம். முதலில் கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தபின் கிடைத்தது. பிள்ளைகளின் நடுநிலைப் பள்ளி மூன்று வருடத்தையும் தீர்மானிக்கிற விஷயம் என்பதால், இந்த வருடம் இதற்குள் இறங்கப்போகிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். என் கணக்கில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வகுப்புக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன். அதற்குள் பிள்ளைகளை எடுக்கிற விதத்தில்தான் எனக்குக் குறை.

டெக்சஸில் ஒவ்வொரு ஐஎஸ்டியும் மீத்திறன் மாணவர்களைக் கண்டறிந்து தனிப் பாடம் நடத்தியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஒரே தேர்வை வைத்து முடிவு செய்யக்கூடாது, பயிற்சி பெற்ற குறைந்தது மூன்று கல்வியாளர்கள் கொண்ட குழுதான் முடிவெடுக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது வாய்ப்புத் தர வேண்டும் என்று மாநிலத் திட்டம் சொல்கிறது. எத்தனை மதிப்பெண் வேண்டும், வகுப்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்தந்த ஐஎஸ்டியின் பாடு. அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் உங்கள் நண்பர் சொல்கிற விவரம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் ஐஎஸ்டியின் தளத்தையே பாருங்கள்.

எல்லாம் ஒரு பரிந்துரைப் படிவத்தில் தொடங்குகிறது. ஆசிரியரும் போடலாம், பெற்றோரும் போடலாம். பள்ளி அனுப்பும் வார மடலில், புத்தகக் கண்காட்சி அறிவிப்புக்கும் புகைப்பட நாள் அறிவிப்புக்கும் நடுவே ஒரே வரியில் வந்திருந்தது. எனக்குத் தெரியவந்தது அந்த மடலால் இல்லை. "அக்கா, ஜிடி ஃபார்ம் வெள்ளிக்கிழமை க்ளோஸ் பண்றாங்க, போட்டாச்சா?" என்று தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டதால்தான் தெரிந்தது.

எங்கள் அடுக்ககத்தில் மாடியில் எல் சால்வடோர் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. உடைந்த ரிமோட் காரைப் பிரித்து மோட்டாரை எடுத்து மின்விசிறி செய்கிற பையன். அவன் அம்மா இரவு நேர வேலைக்குப் போகிறார். வார மடல் அவருக்கும் வருகிறது. ஆனால் அந்த வரி என்ன, அதை ஏன் சொடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இல்லை. அவனுக்குப் படிவம் போகவே இல்லை. ஆசிரியரும் போடவில்லை. நான் இரண்டு நட்சத்திரம் குறைத்ததில் ஒன்று இதற்காக.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஃபுளோரிடாவில் ஒரு பெரிய கல்வி மாவட்டம் 2005இல், பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல்நிலைத் தேர்வு வைத்தது. டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் அதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். தகுதி அளவைக் குறைக்காமலேயே ஏழைக் குழந்தைகளும், கருப்பினக் குழந்தைகளும், ஹிஸ்பானிக் குழந்தைகளும் முன்பைவிட மிக அதிகமாகத் தேர்வானார்கள். பிறகு நிதி இல்லை என்று அந்தத் தேர்வை நிறுத்தியதும் பழைய நிலையே திரும்பிவிட்டது. கார்டு 2021இல் பொருளாதார நோபல் வாங்கியவர்.

சரி, தேர்வுக்கு வருவோம். எங்கள் ஐஎஸ்டி வைப்பது காகேட் என்கிற சிந்தனைத்திறன் தேர்வு. ஐந்தாம் வகுப்பு நிலையில் 9 பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம், மொத்தம் 176 கேள்வி. சொல், எண், உருவம் என்று மூன்று பகுதி. பள்ளியிலேயே குரோம்புக்கில் எழுத வைக்கிறார்கள். பாடத்தில் படித்ததைக் கேட்பதில்லை. ஒரு தாளை மடித்து ஓட்டை போட்டால், விரித்த பிறகு எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்பது போன்ற கேள்விகள். என் மகளுக்கு அந்தப் பிரிவுதான் ரொம்பப் பிடித்திருந்ததாம். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, சராசரியை 100 என்று வைத்து மதிப்பெண் தருகிறார்கள். அதனால் ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னதாக இருக்கும் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம்.

இதற்கென்றே பயிற்சி மையங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. மாதக்கணக்கில் அனுப்பத் தேவையில்லை என்பது என் கருத்து. கேள்வி எந்த வடிவத்தில் வரும் என்று ஒரு வாரயிறுதியில் காட்டினால் போதும்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. 'தற்சமயம் தகுதி பெறவில்லை' என்று ஒரே வாக்கியம். மதிப்பெண் தாள் இல்லை. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, மறுபடி நினைவூட்டிய பிறகுதான் அனுப்பினார்கள். அதில் '8 சி' என்று ஒரு குறியீடு, பக்கத்தில் 'வி' கழித்தல், 'என்' கூட்டல். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. 8 என்பது ஒன்று முதல் ஒன்பது வரையான அளவுகோலில் அவள் இருக்கும் நிலை. 'சி' என்றால் பகுதிகளுக்கு நடுவே ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று அர்த்தம். 'என்' என்பது உருவப் பகுதி, அதில் மேலே; 'வி' என்பது ஆங்கிலச் சொல் பகுதி, அதில் கீழே. வீட்டில் முழுக்கத் தமிழ் பேசி வளர்ந்தவள், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஐஎஸ்டியில் கணிதம்-அறிவியல் ஒரு தடம், ஆங்கிலம்-சமூகவியல் ஒரு தடம் என்று ஜிடி இரண்டு தடமாக இருக்கிறது. நாங்கள் கேட்டது கணிதத் தடம். ஆனால் முதல் சுற்றில் அவர்கள் பார்ப்பது மூன்று பகுதியும் சேர்ந்த கூட்டு மதிப்பெண்ணை மட்டும்தான். கணித வகுப்புக்குப் பிள்ளையை எடுக்கும்போது ஆங்கிலச் சொல்லறிவு ஏன் அவளைக் கீழே இழுக்க வேண்டும்? பகுதி மதிப்பெண் அவர்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டாவது நட்சத்திரம் குறைந்தது இங்கே.

மேல்முறையீட்டில் இதைத்தான் எழுதினேன். கூடவே எண், உருவப் பகுதி மதிப்பெண், வருடத்தில் மூன்று முறை எழுதிய மேப் என்கிற கற்றல் வளர்ச்சித் தேர்வின் முடிவுகள், அப்புறம் அவளுடைய கோல நோட்டு. அம்மா மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்தபோது அவளுக்குச் சிக்குக் கோலம் சொல்லிக்கொடுத்தார். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்துச் சுற்றினால் எத்தனை இழை வரும் என்று இவள் தானாகவே அட்டவணை போட ஆரம்பித்துவிட்டாள். 3க்கு 4 வைத்தால் ஒரே இழை. 3க்கு 3 என்றால் மூன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்ணுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுத்திதான் இழைகளின் எண்ணிக்கை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பாணியில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். மேல்முறையீட்டுக் குழுவை மனதாரப் பாராட்ட வேண்டும். ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து அந்தக் கோலத்தைப் பற்றியே நிறைய நேரம் கேட்டார். பெற்றோர் படிவத்தில் 'என் பிள்ளை ரொம்பப் புத்திசாலி' என்று எழுதாதீர்கள். இப்படிப் பிள்ளை செய்த ஒரு காரியத்தை விவரமாக எழுதுங்கள், படிக்கிறார்கள்.

இதே பள்ளியில் இன்னொரு ஏற்பாடு மிக நன்றாக நடக்கிறது. டெக்சஸில் 2023இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு ஸ்டார் என்கிற மாநிலக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைகளை ஆறாவதில் உயர்நிலைக் கணித வகுப்பில் பள்ளியே சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால்தான் பெற்றோர் சொல்ல வேண்டும். எட்டாவதில் 'அல்ஜீப்ரா 1' பாடம் எடுக்க அதுதான் வழி. வட கரோலினாவில் 2018இலேயே இது மாதிரிச் சட்டம் வந்துவிட்டது. மாடி வீட்டுப் பையன் இந்த வழியாகத்தான் உயர்நிலைக் கணிதத்துக்கு வந்தான். யாரும் படிவம் போடவில்லை, யாரும் யாரிடமும் போய் நிற்கவில்லை. ஜிடிக்கும் இப்படிச் செய்ய ஐஎஸ்டியை எது தடுக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஐந்தாவதில் எல்லோருக்கும் காகேட் வைத்துவிட்டால் பாதி அநியாயம் குறையும்.

வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். ஜிடி ஆசிரியர்களுக்கு 30 மணி நேர அடிப்படைப் பயிற்சியும் வருடந்தோறும் 6 மணி நேரமும் கட்டாயம். அது பாடம் நடத்துவதில் தெரிகிறது. எங்கள் பக்கம் கருப்புக் களிமண். வெயிலில் சுருங்கி வெடிக்கும், வீட்டு அஸ்திவாரத்துக்கே தண்ணீர் விட வேண்டும். அந்த மண்ணைத் தட்டில் பரப்பி, காயக் காய விரிசலின் அகலத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லியிருந்தார் அறிவியல் ஆசிரியர். விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் பையைக் கூட வைக்காமல் பால்கனிக்கு ஓடி அளக்கிறாள்.

ஆறாவதில் தவறவிட்டவர்கள் ஏழாவதுக்கும் விண்ணப்பிக்கலாம். எங்கள் ஐஎஸ்டியில் படிவம் இலையுதிர் காலத்தில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். ஸ்பானிஷிலும் இருக்கிறது. மாடி வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து அவர்கள் பையனுக்கு இந்த வருடம் போட்டுவிட்டோம், அந்த மின்விசிறியின் படத்தோடு. முடிவு எதுவாக வந்தாலும் முழு மதிப்பெண் தாளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, அதனால் கடிதம் வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.