முதல் கைத்துப்பாக்கி: ஏர் பிஸ்டலா, .22 பிஸ்டலா, 9 மி.மீ. பிஸ்டலா?

இலக்குச் சுடுதலில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் துப்பாக்கி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது, போகப்போகிற சுடுதளம் எதை ஏற்கிறது என்று தெரிந்துகொண்டபின், எந்த வகை என்பதை முடிவுசெய்தால் பாதி வேலை முடிந்தது. களத்தில் இருப்பவை மூன்று: காற்றழுத்தத்தால் 4.5 மி.மீ. பெல்லட்டை (ஈயச் சிறுகுண்டை) செலுத்தும் ஏர் பிஸ்டல், .22 (அதாவது 0.22 அங்குல) தோட்டாவைச் சுடும் பிஸ்டல் அல்லது ரிவால்வர், 9 மி.மீ. பிஸ்டல்.

நான் 9 மி.மீ.யில் தொடங்கினேன். அதன் தோற்றத்தில் மயங்கினேன் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இரண்டு மாதம் கழித்தும் என் குண்டுகள் இலக்கு அட்டையின் கீழ் இடது மூலையில்தான் துளையிட்டுக்கொண்டிருந்தன. குறி பார்க்கும் அமைப்பில் கோளாறு என்று நான் சாதித்தேன். பயிற்சியாளர் வாதாடவில்லை. என் மேகசினை (தோட்டாக்கூட்டை) வாங்கிக்கொண்டு திரும்பி நின்று, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு போலித் தோட்டாக்களைச் சேர்த்துத் தந்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது முறை விசையை இழுத்தபோது 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. ஆனால் குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே குனிந்துவிட்டது. வெடிக்காத துப்பாக்கி தானாகக் குனியாது. உதைக்கப்போகிறது என்று பயந்த என் மணிக்கட்டு, உதைக்கு முன்பே அதை அமுக்கியிருந்தது.

9 மி.மீ. மீது எனக்குள்ள புகார் இதுதான். அதன் குண்டு ஏழரை, எட்டு கிராம்; .22 குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். உந்தித் தள்ளும் ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த வெடியோசைக்கும் உதைக்கும் உடல் முதலில் கற்றுக்கொள்வது பதறத்தான். அதை மறக்கடிப்பது கற்றதைவிடப் பல மடங்கு கடினம். விசையும் கடினம். சாதாரணமான 9 மி.மீ. பிஸ்டல் முக்கால் கிலோ எடை இருக்கும். அதன் விசையை இழுக்கவோ சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையைப்போல் மூன்று மடங்கு விசையை அசையாமல் இழுக்கச் சொல்வது புதியவருக்குச் செய்யும் அநியாயம். தோட்டாச் செலவும் .22-ஐவிடப் பல மடங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு, கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் (குழல் முனையில் இருப்பது) பின்குறிக்கும் (கண்ணுக்கு அருகில் இருப்பது) இடையே உள்ள தூரம் 9 மி.மீ. பிஸ்டலில் சுமார் 165 மி.மீ. முன்குறி ஒரு மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 60 மி.மீ. தள்ளிப்போகும். போட்டிக்கான ஏர் பிஸ்டலில் அந்த இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே அதே பிழைக்குத் தண்டனை பாதி.

.22 இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைக் குறைத்துவிடுகிறது. வழக்கமான '.22 லாங் ரைஃபிள்' 1887 முதல் இருக்கும் தோட்டா. உதை சிறிது, செலவு சிறிது. ஆனாலும் செவிக்கவசம் கட்டாயம். ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் போன்றவை இதற்கென்றே இருப்பவை. ரூகரின் பழைய மாடல்களைச் சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் மறுபடி பூட்ட முடியாமல் பட்ட பாடு பிரசித்தம். 2016-இல் வந்த மார்க் 4 ஒரு பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்கிறது. அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் .22 பிஸ்டல்கள் தோட்டா விஷயத்தில் நாக்கு நீளமானவை: ஒரு பிராண்டை விழுங்கும், இன்னொன்றில் சிக்கிக்கொள்ளும். நான்கைந்து வகைகளைச் சுட்டுப் பார்த்தே மொத்தமாக வாங்க வேண்டும். வெடிக்காமல் போனால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் வைத்திருந்துவிட்டு எடுங்கள்; சில தோட்டாக்கள் தாமதமாகவும் வெடிக்கும்.

ரிவால்வர் இப்படிச் சிக்காது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுட்டால் விசை மெத்தென்று விழும். அப்படி இழுக்காமல் சுட்டால் நான்கைந்து கிலோ அழுத்தம் கேட்கும். மெதுவாக நிரப்ப வேண்டியிருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

இனி ஏர் பிஸ்டல். விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் 10 மீட்டரில் அதன் இலக்கு அட்டையைப் பார்த்ததில்லை. பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு, ஒரு கையால் மட்டும். 1988 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. விதிப்படி விசையை இழுக்கும் அழுத்தம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. துப்பாக்கியின் எடை ஒரு கிலோ அளவு. எடைக்கும் விசைக்கும் மேலே சொன்ன விகிதம் இங்கே தலைகீழாகிறது. உதை என்று சொல்ல ஏதும் இல்லாததால் குறி தவறினால் பழியைப் போட வேறு ஆளில்லை. பெல்லட் நிதானமாக, நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது. குழலை விட்டு வெளியேறவே சுமார் 3 மில்லி விநாடி. அதற்குள் கை தளர்ந்தால் அட்டை காட்டிக்கொடுக்கும். சுட்ட பிறகும் குறியிலேயே நிற்கும் பழக்கத்தை இதைவிடக் கண்டிப்பாகக் கற்பிக்கும் கருவியை நான் பார்த்ததில்லை. கண்கவசம் இதற்கும் வேண்டும்.

இதில் காற்று உருளை வைத்தவை சொகுசு. ஆனால் அவற்றை நிரப்ப 200 பார் அழுத்தம் வேண்டும், உருளைக்குக் காலாவதியும் உண்டு. கார்பன்-டை-ஆக்சைடு வகையில் வெப்பநிலை மாறினால் வேகமும் மாறும். புதியவருக்கு நான் சொல்வது, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒருமுறை நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை: வைராவ்க் (Weihrauch) எச்டபிள்யூ 75, பழைய இஷ் (IZH) 46எம் போன்றவை. அறுபதாவது குண்டுக்குத் தோள் கெஞ்சும். ஆனால் அவசரப்பட்டு அடுத்ததைச் சுட வழியே இல்லை.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒன்று செய்து பாருங்கள். காலியாக இருப்பதை உறுதிசெய்து, ஆளில்லாத சுவரை நோக்கி நின்று, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நேராக நின்றால் பிடி உங்கள் கைக்கு உரியது. கோணலாக நின்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். துணைக்கருவிகளுக்குப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் திகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டுதான் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கினார்.

வட்டத்தைத் துளைப்பதே ஆசை என்றால் ஏர் பிஸ்டல். இரு கையால் பிடித்து, வெளியரங்கில், வரிசையாகச் சுட விருப்பமென்றால் .22. 9 மி.மீ. இரண்டாவது துப்பாக்கி, நடந்தும் திரும்பியும் சுடும் போட்டிகளுக்கு அது தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

என் 9 மி.மீ. இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஏர் பிஸ்டலோடு ஒரு வருடம் கழித்துவிட்டு அதை எடுத்துப் போனபோது பயிற்சியாளர் மறுபடியும் போலித் தோட்டாவைக் கலந்தார். குழல் முனை அசையவே இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு நூலளவு அசைந்தது.